மணியை உடன் அழைத்துச் செல்ல வேண்டும், ஒரு வாரம்தான் இருக்கிறது

அல்சூர் வித்யா:
வணக்கம். விடுமுறைக்கு பெங்களூரு வந்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிவாகிவிட்டது. இனி அவரால் எங்கள் நாய் மணியைப் பார்த்துக்கொள்ள முடியாது, அதனால் திரும்பும்போது என்னோடு கூட்டிப்போக நினைத்தேன். ஊசியெல்லாம் போட்டாகிவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. இப்போது ஏதோ இரத்தப் பரிசோதனை அறிக்கை வேண்டும் என்கிறார்கள். ஒரு வாரத்தில் கிடைக்குமா? இரவெல்லாம் தூக்கமில்லை.

லண்டன் சேகர்:
நாய் உங்கள் காலடியில் உட்கார்ந்து வரும் என்ற ஆசையை முதலில் விடுங்கள். பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் நாய் சரக்காகத்தான் வர முடியும். நாடாப்புழு மருந்தும் இறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் மருத்துவர் கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் வந்த புதிதில் நாய் இருக்கிறது என்றதுமே வீட்டுக்காரர்கள் போனை வைத்துவிடுவார்கள். செலவுக்குப் பயந்து ஹீட்டரைக் கணக்குப் பார்த்துப் போட்டு அந்தக் குளிர்காலத்தைக் கழித்தோம். நாய்தான் எங்களைவிட நன்றாக இருந்தது.

பெர்த் மாமா:
பிரிட்டனாவது பரவாயில்லை. இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நேரே கொண்டுவரவே முடியாது. அவர்கள் ஏற்றுக்கொண்ட வேறொரு நாட்டில் 180 நாள் வைத்திருந்து, பிறகுதான் மெல்போர்ன் பக்கத்து மிக்கல்ஹாம் தனிமை முகாமுக்கு. என் மனைவி இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஜெயநகர் மீனாட்சி:
அந்தப் பெண் எந்த நாட்டுக்குப் போகிறாள் என்று யாரும் கேட்கவில்லையே!

ஒயிட்ஃபீல்ட் ரவி:
எதற்கு இத்தனை பயம்? என் மாமா மகன் துபாயிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நாயோடு போனான். தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சிப், வெறிநாய்த் தடுப்பூசி, சான்றிதழ், அவ்வளவுதான். இரத்தப் பரிசோதனை என்பது ஏஜென்ட்டுகள் பணம் பறிக்கும் வழி. பயணத்தன்று ஒரு தூக்க மாத்திரை கொடுத்தால் சத்தம் போடாமல் வரும்.

கோரமங்களா பத்மா:
தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது தம்பி. மேலே காற்றழுத்தம் மாறும்போது மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு மூச்சும் இரத்த அழுத்தமும் தடுமாறும், பல விமான நிறுவனங்கள் ஏற்றவே மாட்டா. அது போகட்டும், வெளிநாட்டைக் குறை சொல்வானேன்? எங்கள் குடியிருப்பில் நாயை லிஃப்ட்டில் ஏற்றாதே என்று சண்டை. சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடை செய்யக் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே சொல்லிவிட்டது. செயலாளர் காதில் ஏறினால்தானே!

ஒயிட்ஃபீல்ட் ரவி:
லிஃப்ட்டில் ஈரம் செய்துவிட்டுப் போனால் துடைப்பது யார்?

அல்சூர் வித்யா:
மன்னிக்கவும், சொல்ல விட்டுப்போயிற்று. மியூனிக். மணி தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய். தடுப்பூசி மார்ச்சில் போட்டோம், சிப் போன வாரம்தான் பொருத்தினோம்.

ஜெயநகர் மீனாட்சி:
அம்மா வித்யா, கடைசி வரியை முதலிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேச்சும் மிச்சம். இந்த முறை மணி வர முடியாது. டிக்கெட்டில் நாய்க்கான பகுதியை இன்றே ரத்து செய்துவிடு.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு சிப் முதலில், தடுப்பூசி பிறகு. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. ஆகவே நீ கிளம்புவதற்குள் மருத்துவர் சிப் எண்ணைப் படித்துப் பார்த்து, மறுபடி ஊசி போட்டு, சிப் எண்ணையும் தேதியையும் தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதட்டும். அதிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில், வெறிநாய்க் கிருமிக்கான எதிர்ப்புப் பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகுக்குக் குறையாமல் வர வேண்டும். இரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அறிக்கை கைக்கு வந்த தேதியிலிருந்து இல்லை. ரவியின் உறவினருக்கு இது தேவைப்படாததற்குக் காரணம், இந்தப் பரிசோதனை தேவையில்லாத நாடுகள் என்று ஒன்றியம் வைத்திருக்கும் பட்டியலில் அமீரகம் இருக்கிறது. இந்தியா இல்லை.

ஒருமுறை தேறிவிட்டால், அடுத்தடுத்த ஊசிகளைத் தேதி தவறாமல் போடும்வரை அந்தப் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டியதில்லை.

அல்சூர் வித்யா:
நான்கு மாதத்துக்கு மேல் ஆகும் போலிருக்கிறதே! அப்போது தோழி ஒருத்தி கொண்டுவந்தால் போதுமா?

ஜெயநகர் மீனாட்சி:
உன் எழுத்துபூர்வமான அனுமதியோடு கொண்டுவரலாம். ஆனால் நீயும் அதற்கு முன்போ பின்போ ஐந்து நாளுக்குள் பயணம் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வணிக முறையில் அனுப்புவதாகிவிடும், அதற்குச் சான்றிதழே வேறு. அம்மாவைப் பார்க்க நீ அடுத்து எப்போது வருகிறாயோ, அதை ஒட்டி மணியின் பயணத்தை வைத்துக்கொள். அரசு விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகம் பெங்களூரிலேயே இருக்கிறது, டெல்லிக்கு அலைய வேண்டாம். ஒன்றியத்துக்கான சான்றிதழ் வழங்கிய 10 நாளுக்குள் நீங்கள் அங்கே இறங்கியிருக்க வேண்டும், அதனால் முன்கூட்டியே வாங்கி வைக்காதே.

லண்டன் சேகர்:
ஒரு கேள்வி. அங்கே குடியேறிய பிறகு நாயை விடுமுறைக்கு பெங்களூரு கூட்டிவந்தால், திரும்பவும் மூன்று மாதமா?

ஜெயநகர் மீனாட்சி:
பிரிட்டனைப் பற்றிப் பேசவில்லை, வித்யாவுக்குச் சொல்கிறேன். ஜெர்மனியை விட்டுக் கிளம்பும் முன்பே பரிசோதனை தேறி, ஐரோப்பியச் செல்லப்பிராணி பாஸ்போர்ட்டில் பதிவாகியிருந்தால் திரும்பும்போது காத்திருப்பு இல்லை. இந்தியாவுக்குள் நுழைய மட்டும் நம் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். மியூனிக்கில் நாய் வரி உண்டு, போனதும் நகராட்சியில் பதிவு செய்துவிடு.

அல்சூர் வித்யா:
நாளைக் காலையிலேயே ஊசிக்கு அழைத்துப் போகிறேன். அறுவை சிகிச்சை நேரத்தில் மணியை எங்கே விடுவது என்றுதான் தெரியவில்லை.

கோரமங்களா பத்மா:
எங்கள் வீட்டில் விடு. தரைத்தளம், லிஃப்ட் தொல்லை இல்லை. பயணக் கூண்டை மட்டும் இப்போதே வாங்கிக் கொடுத்துவிட்டுப் போ. உள்ளே நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்கும் அளவு இருக்க வேண்டும். தினமும் அதற்குள்ளேயே சோறு வைத்துப் பழக்கிவிடுகிறேன்.