அம்மாவைத் தனியாக சான் பிரான்சிஸ்கோ அனுப்புகிறோம், கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம், மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். தங்கைக்கு சான் பிரான்சிஸ்கோவில் பிரசவம். துணைக்கு அம்மா போகிறார். வயது 64, முதல் விமானப் பயணம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர், 4 மணி நேரம். அது பயமில்லை, நம் பக்கத்து ஆட்கள் தினமும் போய் வருகிற தூரம்தான். அங்கிருந்து பசிபிக் கடலைத் தாண்டி 13,600 கிலோமீட்டர். இறங்காமல் 15, 16 மணி நேரம். திரும்பும்போது எதிர்காற்றில் இன்னும் கூடும். நடுவில் தேதிக்கோடு வேறு. காலை 9 மணிக்கு ஏறினால், அதே தேதியில் காலை 9 மணிவாக்கில் இறங்குவார்!

இங்கேதான் குழப்பம். அம்மா காலையும் இரவும் இன்சுலின் போடுகிறவர். எந்த ஊர் மணிக்குப் போடுவது? டாக்டரிடம் கேட்கப் போகிறோம். இருந்தாலும் சர்க்கரை உள்ள பெற்றோரை அனுப்பியவர்கள் என்ன செய்தீர்கள் என்று தெரிந்தால் தெம்பாக இருக்கும். முழங்கால் வலியும் உண்டு. சிங்கப்பூரில் ஒரு நாள் தங்கிப் போகலாமா, ஒரே மூச்சில் போய்விடுவதே நல்லதா?

அப்புறம், சுக்கு, திப்பிலி இடித்துப் பிரசவ லேகியம் கிளறி, எவர்சில்வர் தூக்கில் அடைத்து, வாயில் துணி கட்டி வைத்திருக்கிறார். அமெரிக்காவில் அதை உள்ளே விடுவார்களா? இந்த வாரம் டிக்கெட் போட வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.