காலேஜ் முதல் வருஷம், சேலம் பக்கம்: பிள்ளைங்க எங்கே இடறுறாங்க?

கேள்வி கேட்பவர், கன்னங்குறிச்சி:

பிளஸ் டூ முடித்து இந்த வருஷம் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். "நல்லா படி, கெட்ட சகவாசம் வேண்டாம்" என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் வருஷத்தில் எந்த இடத்தில் கால் இடறுகிறது என்று தினமும் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பார்த்ததைக் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்குங்க.

கலைக் கல்லூரி ஆசிரியர், அஸ்தம்பட்டி:

முதல் இடறல் பாடத்தில் இல்லைங்க, நாள்கணக்கில். ஜூலையில் வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு டே ஆர்டர் என்றால் என்னவென்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை டைம்டேபிள். கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் கிழமைக்குப் பதிலாக வேலைநாட்களுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் வரிசை ஓடும், அதுதான் டே ஆர்டர். விடுமுறை வந்தால் வரிசை நின்று, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குப் புதன்கிழமை உள்ளூர் விடுமுறை என்று வையுங்கள். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, வியாழன் மூன்று. வியாழனை நான்கு என்று நினைத்து வருபவர் தவறான நோட்டோடு வருவார், ரெக்கார்டு நோட்டை வீட்டில் விட்டுவிட்டு லேப் வாசலில் நிற்பார். அந்த விடுமுறையை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும். அதற்கும் டே ஆர்டர் உண்டு, வருகைப் பதிவும் உண்டு. கல்லூரி தரும் காலண்டரில் டே ஆர்டர் அச்சாகியிருக்கும். முதல் நாளே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது வருகை. ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்றால் 75 சதவீதத்துக்கு 68 நாள் வந்தாக வேண்டும். மிச்சம் 22 நாள். நிறைய இருப்பதுபோலத் தெரியும், ஆனால் அது கரையும் விதம் வேறு. பல கல்லூரிகளில் காலை முதல் மணி நேரத்தைத் தவறவிட்டால் அரை நாள் போய்விடும். வாழப்பாடியிலிருந்தோ ஓமலூரிலிருந்தோ வருகிற பிள்ளை, பஸ் 15 நிமிஷம் தாமதம் என்று வாரத்துக்கு இரண்டு நாள் முதல் வகுப்பை விட்டால், 15 வாரத்தில் 30 அரை நாள், அதாவது 15 நாள். ஒரு நாள்கூட லீவு போடாமலே 22-இல் 15 காலி. அதற்குமேல் ஒரு டைபாய்டு வந்தால் முடிந்தது கதை. வருகை 65 சதவீதத்துக்கும் 75 சதவீதத்துக்கும் நடுவில் இருந்தால் காரணம் காட்டி, கட்டணம் கட்டி அனுமதி வாங்குவது பொதுவான நடைமுறை. அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வை எழுத முடியாது. அதனால் பஸ்ஸை ஒரு சர்வீஸ் முன்னால் மாற்றிக்கொள்வதுதான் முதல் வாரத்தில் செய்ய வேண்டிய பெரிய காரியம்.

என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு என்று வெளியே போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) கிடைக்கும். ஆனால் கடிதத்தில் கையெழுத்து வாங்கி அந்த வாரமே துறையில் கொடுக்க வேண்டும். மாதக் கடைசியில் பதிவேட்டைக் கூட்டி முடித்தபின் வந்து நிற்கும் கடிதத்துக்கு மதிப்பில்லை.

கல்லூரி அலுவலகப் பணியாளர், சூரமங்கலம்:

சார் நாள்கணக்கைச் சொன்னார், நான் காகிதத்தைச் சொல்கிறேன். ஒரிஜினலைக் கவுண்ட்டரில் நீட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பத்து செட் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்: டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம். டி.சி. ஒருமுறை உள்ளே போனால் படிப்பு முடியும்போதோ விலகும்போதோதான் வேறு டி.சி. வெளியே வரும்.

உதவித்தொகை வராமல் போவதற்குப் பெரும்பாலும் தகுதிக் குறைவு காரணமல்ல. முதல் காரணம் வங்கிக் கணக்கு. அரசுப் பணம் ஆதார் வழியாக வருகிறது. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கேதான் போய் விழும். பிள்ளை பள்ளியில் திறந்த கணக்கைப் பார்த்துக்கொண்டு "வரவே இல்லை" என்று அழும், பணம் வேறு வங்கியில் கிடக்கும். மைனராக இருந்தபோது திறந்த கணக்கு என்றால் 18 வயது முடிந்ததும் வங்கிக்குப் போய் கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு முடங்கும். இரண்டாவது காரணம் இனிஷியல். ஆதாரில் முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக. மூன்றையும் ஜூன் மாதத்திலேயே ஒன்றாக்கிவிட்டால் செப்டம்பரில் அலைய வேண்டாம்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. தமிழ் வழியில் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். அதைப் பார்க்கும் ஆசிரியர் யார் என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை (குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான கட்டணச் சலுகை) தொழிற்கல்விக் கலந்தாய்வில் சேருபவர்களுக்கு, அதுவும் குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடையாது.

பள்ளி ஆசிரியை, ஏற்காடு நாகலூர் பக்கம்:

மலையிலிருந்து இறங்கும் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு இருக்குங்க. பழங்குடியினர் சாதிச் சான்றைத் தாசில்தார் கொடுப்பதில்லை, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். விசாரணை முடிந்து கைக்கு வர நாளாகும். பிளஸ் டூ படிக்கும்போதே வாங்கி வைக்காத பிள்ளைகள் சேர்க்கை நேரத்தில் தவிப்பதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறோம்.

தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறிப் படிப்பது முதல் மாதம் முடியும், நவம்பரில் முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதையில் மண் சரியும், மரம் விழும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்கும் பாதை இருக்கிறது, ஆனால் அதே மழை அங்கேயும் பெய்யும். முதல் செமஸ்டர் தேர்வு வருவது சரியாக அந்த நாட்களில்தான். தேர்வுக்கு முதல் நாள் மாலையே கீழே இறங்கி உறவினர் வீட்டிலோ தோழி அறையிலோ தங்க ஏற்பாடு இருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டை ஆகஸ்டிலேயே பேசி வையுங்கள், அக்டோபரில் கேட்டால் இடம் இருக்காது.

அதைவிட நல்லது அரசு விடுதி. இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர். தங்குவதும் சாப்பாடும் இலவசம். சேர்க்கை நடக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும், இடங்கள் சீக்கிரம் நிரம்பும்.

இன்னொன்று, ஆசிரியர் சொன்ன 22 நாள். காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கிப் பொங்கல் தாண்டியும் போகும். வீட்டில் ஆள் பற்றாது, பிள்ளையைக் கூப்பிடுவார்கள். கூலி தேவைப்படும் வீட்டில் "போகாதே" என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்த லீவை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கலாம். ஜூலை முதல் அக்டோபர் வரை ஐந்து நாளுக்குமேல் செலவழிக்காத பிள்ளை, பறிப்புக்கு ஒரு வாரம் போனாலும் தேர்வுக்கு உட்காரலாம். உள்தேர்வு தேதியில் மட்டும் போகக் கூடாது.

வணிகவியல் ஆசிரியர், ஆத்தூர்:

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் பற்றி யாரும் சொல்லவில்லையே. இவர்களுக்குப் பாடம் புரியாமல் இல்லை, பெயர்தான் புரியவில்லை. பேரேடு என்றால் தெரியும், லெட்ஜர் என்றால் விழிப்பார்கள். தேய்மானம் போட வரும், டிப்ரிசியேஷன் என்றதும் பேனா நிற்கும். இயற்பியலில் முடுக்கம், கணக்கில் வகைக்கெழு, எல்லாம் இதே கதைதான். வழி எளிது. நம் மேல்நிலைப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வரிசையில் இருக்கின்றன. கல்லூரியில் நாளை நடக்கப்போகும் பாடம் பதினொன்றிலோ பன்னிரண்டிலோ எங்கே வருகிறது என்று பார்த்து, இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 30 நிமிஷம் படிக்க வேண்டும். நோட்டில் நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல். நாளுக்கு 10, வாரத்துக்கு 50, ஆறு வாரத்தில் 300. முதல் வருஷப் பாடத்தைப் பின்தொடர அது தாராளம்.

இதைச் செய்யாமல் சீனியர் கொடுத்த நோட்ஸை மனப்பாடம் செய்பவர்கள், கேள்வியில் ஒரு சொல் மாறினால் வேறு பதிலை எழுதிவிட்டு வருகிறார்கள். எழுதிய பதில் சரியாகவே இருக்கும், கேட்ட கேள்விக்கு அது இல்லை.

மதிப்பெண்ணும் பள்ளிக்கூடம் மாதிரி இல்லை. இந்தப் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் பரவலாக இன்டர்னல் (கல்லூரியிலேயே போடும் உள்மதிப்பெண்) 25, செமஸ்டர் தேர்வு 75. தேர்வில் 30 வாங்க வேண்டும், கூட்டிப் பார்த்தால் 40 வர வேண்டும். இன்டர்னல் 10 இருந்தால் தேர்வில் 30 போதும். இன்டர்னல் 5 என்றால் 35 வேண்டும். இன்டர்னல் 20 இருந்தாலும் தேர்வில் 29 எடுத்தால் அரியர்தான். இந்த மூன்றாவது கணக்குத் தெரியாமல் "இன்டர்னல் நிறைய இருக்கே" என்று அலைடு பாடத்தை (மேஜரோடு சேர்ந்து வரும் துணைப்பாடம்) விட்டுவிடுகிறார்கள். மேஜர் பேப்பரில் யாரும் அவ்வளவாக விழுவதில்லை. முதல் அரியர் அலைடிலும் ஆங்கிலத்திலும்தான். மூன்று மணி நேரத்துக்கு 75 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 2.4 நிமிஷம், பத்து மதிப்பெண் கேள்விக்கு 24 நிமிஷம். முதல் பெரிய கேள்விக்கே 40 நிமிஷம் எழுதுபவருக்குக் கடைசிக் கேள்வி கிடைக்காது.

வரைபட வகுப்பு எடுப்பவர், கருப்பூர்:

பொறியியல் பிள்ளைகளுக்கு இரண்டே விஷயம் சொல்கிறேன். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் மினி டிராஃப்டரை (போர்டில் மாட்டிக் கோடு போடும் கருவி) பஸ் நெரிசலில் பையில் திணித்துக்கொண்டு வருவதால் அதன் கை வளைந்து, திருகு தளர்ந்துவிடும். ஒரு டிகிரி சாய்ந்தால் 200 மில்லிமீட்டர் கோட்டில் மூன்றரை மில்லிமீட்டர் விலகும்; பிறகு எந்தப் பார்வையும் இன்னொன்றோடு பொருந்தாது. போர்டில் மாட்டியதும் பூஜ்யத்தில் வைத்து, அளவுகோல் தாளின் ஓரத்துக்கு இணையாக இருக்கிறதா என்று இரண்டு முனையிலும் பாருங்கள். துணைக்கோட்டுக்கு 2எச், எழுத்துக்கும் அழுத்தக் கோட்டுக்கும் எச்.பி. யூடியூப் பார்த்துப் படிப்பவர்கள் கவனம்: அமெரிக்க வீடியோக்களில் மூன்றாம் கோண முறை. நமக்கு முதல் கோண முறை, முன்பார்வை மேலே, மேற்பார்வை கீழே. நன்றாக வரைந்துவிட்டு இடம் மாற்றி வைத்த தாள்கள் நிறைய வரும்.

இரண்டாவது, கணக்குப் பாடத்தில் ஒரு அணிக்கு (மேட்ரிக்ஸ்) ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடித்ததும் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அணியின் முதன்மை மூலைவிட்டக் கூட்டலுக்குச் சமமாக இல்லை என்றால் தவறு. பெருக்கினால் அணிக்கோவை (டிட்டர்மினன்ட்) வர வேண்டும். அரை நிமிஷச் சோதனை இது; இதைச் செய்யாமல் தவறான மதிப்பை வைத்துக்கொண்டு மூன்று பக்கம் எழுதுகிறார்கள்.

விடுதிக் காப்பாளர், ஃபேர்லேண்ட்ஸ்:

மெஸ் பில் வந்ததும் வீட்டில் சண்டை வரும், அதனால் சொல்கிறேன். டிவைடிங் முறை என்றால் மாதச் செலவை மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுப்பது. செலவு 3 லட்சம், 100 பேர், 30 நாள் என்றால் ஒரு நாளுக்கு 100 ரூபாய். எட்டு நாள் ஊருக்குப் போனவருக்கு 2,200 வர வேண்டும். ஆனால் போவதற்கு முன் ரிடக்‌ஷன் நோட்டில் எழுதாவிட்டால் 3,000-தான். எத்தனை நாள் தொடர்ந்து போனால் கழிப்பார்கள் என்பது விடுதிக்கு விடுதி மாறும், சேரும்போதே கேளுங்கள்.

ஊர் நினைப்பு எல்லாப் பிள்ளைக்கும் வரும். முதல் மூன்று வாரம் தாண்டுவதுதான் கடினம். தினம் நாலு தடவை போன் பேசும் பிள்ளைக்கு அது ஆறுவதில்லை. இரவு எட்டரைக்கு ஒரு தடவை என்று நேரம் வைத்தால் பத்துப் பதினைந்து நாளில் அடங்கும். ஆனால் தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்குமேல் கெட்டிருந்தால் அதை ஊர் நினைப்பு என்று விட்டுவிடாதீர்கள். 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ராகிங் என்றால் 1800-180-5522, எந்த நேரமும். தேதி, நேரம், இடம், சொன்ன சொல், பக்கத்தில் இருந்தவர்கள், இதை அன்றிரவே எழுதி வைக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1997-லிருந்தே ராகிங் சட்டப்படி குற்றம்.

கலைக் கல்லூரி ஆசிரியர், அஸ்தம்பட்டி:

காப்பாளர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வாரா வாரம் ஊருக்குப் போவதைச் சிலர் தடுக்கிறார்கள். ஆத்தூர், சங்ககிரி தூரம் என்றால் போகட்டுமே. திங்கட்கிழமை காலை கிளம்பாமல் ஞாயிறு இரவே திரும்பினால் போதும்.

முதல் ரிசல்ட் வந்து ஒரு தாளில் விழுந்திருந்தால், அன்றைக்கே பார்க்க வேண்டியது இன்டர்னல் சரியாக ஏறியிருக்கிறதா என்று. அடுத்து விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு. இவற்றுக்குக் கொடுக்கும் அவகாசம் சில நாள்தான், அழுதுகொண்டிருக்கும்போதே தேதி போய்விடும். அதிலும் தேறாவிட்டால் ஏப்ரலில் இரண்டாம் செமஸ்டர் தாள்களோடு இதையும் எழுதக் கட்டணம் கட்டுங்கள். மூன்றாம் வருஷத்துக்குத் தள்ளினால், அதற்குள் பாடத்திட்டம் மாறி, பழைய பாடம் நடத்த வகுப்பும் இருக்காது, கேட்க ஆசிரியரும் வேறு பாடத்தில் இருப்பார்.