வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு மொத தடவ போனப்ப என்ன நடந்துச்சு?

பாளை மருமக:
கல்யாணமாகி பாளையங்கோட்டை வந்த புதுசு, பக்கத்து தெரு அக்கா கூப்பிட்டாவன்னு வியாழக்கிழம சாயந்தரம் அவிய வீட்டு பைபிள் ஸ்டடிக்கு போனேன். எட்டு பேர்தான், பாய்ல உக்காந்து ஆளுக்கு ஒரு வசனமா வாசிக்கணும். அன்னைக்கு மாற்கு சுவிசேஷம் 5-ம் அதிகாரம். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள, அதான் ரத்தப்போக்கு நிக்காத, ஸ்திரீன்னு வருமே 25-ம் வசனம், அது சரியா எனக்கு வந்து விழுந்துச்சு. வாசிக்க முடியல. ரெண்டு தடவ கலைஞ்சது எங்க அம்மைக்கே முழுசா தெரியாது, அங்க சொல்லிட்டேன். யாரும் பேசல. அடுப்படில சுண்டல் தாளிச்சிட்டு இருந்த ஆச்சி அப்படியே வந்து ஈரக்கைய என் தலைல வச்சாவ, கறிவேப்பிலை வாசத்தோட, ஜெபம்னு ஒரு வார்த்தை கூட சொல்லல, சும்மா வச்சிட்டு நின்னாவ. நான் அப்படி அழுததே கிடையாது.

ஞாயித்துக்கிழம கோயில் முடிஞ்சு செருப்பு மாட்டும்போது யாருன்னே தெரியாத ஒரு அம்மா "கவலப்படாத தாயி, அடுத்தது தங்கிரும்"னாவ. நல்ல மனசுலதான் சொன்னாவ. அதுக்கப்புறம் நான் கூட்டத்துக்கு போகல.

சாயர்புரத்தான்:
எனக்கு காலேஜ் படிக்கும்போது. "தம்பி நீங்க முடிச்சு ஜெபம் பண்ணுங்க"ன்னுட்டாவ, எந்திரிச்சேன், வாயே வரல. ஒரு சின்னப்பய, அஞ்சு வயசு இருக்கும், "பரமண்டலங்களிலிருக்கிற"ன்னு பரமண்டல ஜெபத்த ஆரம்பிச்சான், எல்லாரும் சேந்துக்கிட்டாவ. இன்னைக்கும் நான் ஜெபிக்க எந்திரிச்சா அந்த பய குரல்தான் மொதல்ல கேக்கு.

ஆனா தங்கச்சி, நீங்க கூட்டத்துக்கு போகாம நின்னது சரியில்லங்கேன். அந்த ஸ்திரீ 33-ம் வசனத்துல கூட்டத்துக்கு முன்னாலதான உண்மையெல்லாம் சொன்னா? சேகரம்னா, அதான் ஒரு ஐயருக்கு (பாஸ்டருக்கு) கீழ உள்ள சபை, அது ஒரு குடும்பம். 1780-ல பாளையங்கோட்டை சபைப் பதிவேட்டுல மொத்தமே 40 பேரு, மொத பேரு அந்த சபைய ஆரம்பிச்ச கிளாரிந்தா அம்மா. அந்த 40 பேருக்குள்ள என்னத்த மறைச்சிருப்பாவ?

வண்ணார்பேட்டை அக்கா:
அண்ணாச்சி, அந்த ஸ்திரீ தானே சொன்னா, அவளுக்காக வேற ஒருத்தர் போய் சொல்லல. அதே அதிகாரத்துல யவீருன்னு ஒருத்தரோட மக செத்துட்டான்னு சொன்னப்போ ஆண்டவர் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு பேதுரு, யாக்கோபு, யோவான், தாய் தகப்பன், இவியள மட்டும்தான் உள்ள சேத்தாரு, கடைசி 43-ல ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னு கட்டளையே குடுத்தாரு. எங்க வீட்ல ஆறு வருசமா கூட்டம் நடக்கு. ஒரு பிள்ள சொன்ன ஜெபக்குறிப்ப நானே ஐயரம்மாட்ட, அதான் பாஸ்டர் சம்சாரத்துட்ட, சொல்லிட்டேன், ஜெபிக்கட்டும்னுதான் சொன்னேன், அந்த பிள்ள நின்னுட்டா. பஸ் ஸ்டாண்டுல பாத்தா மூஞ்சிய திருப்பிக்கிடுதா.

அதுனால கூட்டம் வைக்கிறவிய எல்லாரும் கேளுங்க, குறிப்பு கேக்கும்போதே "இது இந்த பாயோட நிக்கணுமா"ன்னு கேட்டுருங்க, வாட்சாப் குரூப்ல போடாதிய, பேர் சொல்லி சத்தமா ஜெபிக்காதிய, புதுசா வந்தவியள மொத நாளே பேச விடாதிய, வாசிக்கக் கூச்சப்பட்டா பக்கத்துல உள்ளவிய வாசிச்சிருங்க, ஜெபிக்கத் தெரியலன்னா பரமண்டல ஜெபம் போதும், வடை சுண்டல்னு போட்டி போடாதிய, கஷ்டப்பட்ட வீட்டுக்காரவிய கூப்பிடத் தயங்குவாவ, கட்டன் காப்பி போதும்.

பாளை மருமக:
அக்கா, 43 எனக்கு தெரியவே தெரியாது. அன்னைக்கு அதுவரைக்கும் வாசிக்கவே இல்லையே, என் அழுகையோட நின்னு போச்சு. கூட்டத்துக்கு போவேனான்னு தெரியல. ஆச்சிய மட்டும் பாக்கணும் போல இருக்கு, வியாழக்கிழம நாலு மணிக்கே போனா அடுப்படில தனியா இருப்பாவ.