உதவி: சரிவான டிரைவ்வேயில் கார் ஏறவில்லை, ஒரு டயர் மட்டும் சுற்றுகிறது

முதல்குளிர் (ஸ்கார்பரோ, ஒன்டாரியோ, கனடா)

வணக்கம். ஆகஸ்டில்தான் திருநெல்வேலியிலிருந்து வந்தேன். இதுதான் எனக்கு முதல் பனிக்காலம். பேஸ்மென்ட்டில் குடியிருக்கிறேன். கார் நிறுத்தும் இடம் தெருவைவிடத் தாழ்வு, காலையில் மேடு ஏறித்தான் வெளியே வர வேண்டும். 5 மணிக்குக் கிளம்பினால்தான் வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

இரண்டு நாளாகக் கார் பாதி மேட்டில் நின்றுவிடுகிறது. பழைய 2008 மாடல், ஃப்ரண்ட் வீல் டிரைவ் (எஞ்சின் முன் சக்கரங்களை மட்டும் சுழற்றும்), ஆல் சீசன் டயர். மிதித்தால் இடது முன் டயர் மட்டும் சுற்றுகிறது, வலது டயர் அசையவே இல்லை. உள்ளே ஏதாவது உடைந்துவிட்டதா?

செய்து பார்த்தவை: டயருக்கு முன்னால் சுடுதண்ணீர் ஊற்றினேன், நிலைமை இன்னும் மோசமானது. உப்புத் தூவினேன், இன்று காலை மைனஸ் 17, உப்பு அப்படியே கிடக்கிறது. அட்டைப்பெட்டியைக் கிழித்து வைத்தேன், நனைந்து கிழிந்துவிட்டது. டயரைச் சுற்றிப் பிளாஸ்டிக் கேபிள் டை கட்டினால் பிடிக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கட்டலாமா? புது டயர் வாங்க அடுத்த சம்பளம் வர வேண்டும். அதுவரை வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிக்க வழி சொல்லுங்கள்.

ரொறன்ரோ_பழையவர்

தங்கச்சி, முதலில் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுங்கோ. சுற்றுகிற டயர் சூடாகிப் பனியை உருக்கும், உருகினது உடனே ஐஸாக இறுகும். டார்ச் அடித்து டயருக்குக் கீழே குனிந்து பாருங்கோ. பழைய ஆட்டுக்கல்லின் குழி மாதிரி வழவழ என்று மினுங்கும். அந்தக் குழிக்குள் டயர் இருக்கும்வரை எதைத் தூவினாலும் பயன் இல்லை. ஷவலின் விளிம்பால் கொத்தி அந்த மினுக்கத்தைக் கெடுங்கோ. டயருக்கு முன்னால் மட்டும் இல்லை, காருக்கு அடியில் முட்டி நிற்கிற பனியையும் இழுத்து எடுக்க வேணும். பாதிக் கார்கள் டயரால் இல்லை, வயிற்றால்தான் பனியில் குந்தி நிற்கும்.

கால்மிதி வைக்கலாம். வழுக்காத அடிப்பக்கம் மேலே, டயரைப் பார்த்து வருகிற மாதிரி வையுங்கோ. ஆனால் டயர் பிடித்துச் சுழற்றினால் மிதி பின்னால் அம்பு மாதிரிப் பாயும். பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. என்னுடையது ஒருமுறை பக்கத்து வீட்டுக் கராஜ் கதவில் போய் அடித்தது.

சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழே மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். மணல், இல்லாவிட்டால் பூனைக்குப் போடுகிற களிமண் குருணை வாங்குங்கோ. ஈரம் பட்டால் கட்டியாகிற வகை வேண்டாம், அது கூழாகி இன்னும் வழுக்கும். கட்டியாகாத மலிவு வகைதான் வேணும்.

மான்ட்ரியால்_மெக்கானிக்

எதுவும் உடையவில்லை, பயப்படாதீர்கள். சாதாரண டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர்) அப்படித்தான். இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் போகும், அதுவும் வழுக்கும் பக்கம் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும். இடது பக்கம் ஐஸில் பிடி இல்லை என்றால் வலது பக்கத்துக்கும் அதே சொற்ப விசைதான் கிடைக்கும். அதனால் இரண்டு டயருக்கு அடியிலும் பிடிமானம் வேண்டும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு சக்கரம் நின்று மற்றது மட்டும் சுற்றும்போது, அது மீட்டர் காட்டும் வேகத்தைப்போல இரண்டு மடங்கில் சுற்றும். மீட்டரில் 50 என்றால் அந்த டயர் 100இல் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியே மிதித்துக்கொண்டிருந்தால் டயர் வெடிக்கும், கியர்பாக்ஸும் சூடாகும்.

கேபிள் டை வேண்டாம். ஒரு சுற்றில் அறுந்து, தெறிக்கும் துண்டு பிரேக் ஹோஸையோ ஏபிஎஸ் சென்சார் வயரையோ இழுத்துவிடும். ப்ளீச் ஊற்றச் சொல்லும் வீடியோவும் உண்டு, அது ரப்பரைக் கெடுக்கும்.

ஒன்று கேட்கிறேன்: காரை எப்படி நிறுத்துகிறீர்கள், முன்பக்கம் தெருவைப் பார்த்தா, வீட்டைப் பார்த்தா?

முதல்குளிர்

தெருவைப் பார்த்துத்தான். காலையில் நேராக ஏறிப் போய்விடலாம் என்று ராத்திரியே ரிவர்ஸில் இறக்கி நிறுத்துவேன்.

மான்ட்ரியால்_மெக்கானிக்

அங்கேதான் பாதிப் பிரச்சினை. முன்பக்கமாக மேடு ஏறும்போது காரின் பாரம் பின்னால் சாய்கிறது. இழுக்கும் சக்கரங்கள் முன்னால்தான் இருக்கின்றன, அவை லேசாகிப் பிடியை இழக்கின்றன. மூக்கு வீட்டைப் பார்க்கும்படி இறக்கி நிறுத்துங்கள். ரிவர்ஸில் ஏறினால் பாரம் முன் டயர்மேல் கூடுதலாக அழுந்தும். 5 மணி இருட்டில் ரிவர்ஸில் தெருவுக்கு வருவது ஆபத்து, அதனால் மேட்டின் உச்சியில் நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுங்கள்.

ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கினால் விசையைத் தானே குறைக்கும் வசதி) உள்ள கார் வைத்திருப்பவர்களுக்கு: பனியில் மாட்டிக்கொண்டால் அந்த பட்டனைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டி எடுங்கள். வெளியே வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

ஒஸ்லோவிலிருந்து

சுடுதண்ணீர் மோசமில்லை, தனியாக ஊற்றினதுதான் பிழை. இங்கே நோர்வேயில் விமான ஓடுபாதைகளில் மணலைச் சூடான தண்ணீரோடு கலந்து தூவுகிறார்கள். காய்ந்த மணலைக் காற்றும் சக்கரமும் அள்ளிக்கொண்டு போய்விடும். சூடான ஈரமணல் ஐஸைத் துளி உருக்கி, அதிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். தரை உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும்.

கார் அங்கே நிற்கிறபோது செய்யாதீர்கள், கார் வந்து நிற்பதற்கு முன் செய்யுங்கள். வாளி மணலுக்குக் கெட்டில் தண்ணீர் கொஞ்சம்கொஞ்சமாக. மணல் முழுக்க நனைய வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. கையுறை போட்டு, டயர் ஓடும் இரண்டு தடத்திலும் கீழிருந்து உச்சிவரை விசிறுங்கள். டயருக்கு அடியில் மட்டும் போட்டால் ஒரு முழம் ஏறித் திரும்ப நின்றுவிடும்.

இரவுப்பணி_நர்ஸ்

இதை யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். அது பனியில் புதைந்திருந்தால் கார்பன் மோனாக்ஸைடு காருக்குள் வரும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது, தூக்கம் வருவதுபோலத்தான் இருக்கும். ஹீட்டரைப் போட்டுக் குழந்தையை உள்ளே உட்கார வைத்துவிட்டு வெளியே பனி தள்ளுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். தயவுசெய்து குழாயைச் சுற்றித் தோண்டிய பிறகு சாவியைத் திருப்புங்கள்.

முதல்குளிர்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று மாலை குழியைக் கொத்தினேன், முக்கால் மணி நேரம் ஆனது. ஒஸ்லோ அண்ணன் சொன்னபடி 20 கிலோ மணல் மூட்டையில் பாதியை வெந்நீரில் நனைத்து இரண்டு தடத்திலும் விசிறினேன். விழுந்த இடத்தில் முதலில் ஆவி பறந்தது. கொஞ்ச நேரம் கழித்து பூட்ஸால் தேய்த்துப் பார்த்தேன், ஒரு மணல்கூட நகரவில்லை, தோசைக்கல்லைச் சுரண்டுவதுபோலக் கரகரவென்று சத்தம். காரின் மூக்கை வீட்டுப் பக்கம் வைத்து நிறுத்தினேன். காலையில் புகைக்குழாயைத் துடைத்துவிட்டு ரிவர்ஸ் போட்டேன். பாதி மேட்டில் ஒரு தடவை லேசாக வழுக்கியது, காலை எடுத்ததும் பிடித்துக்கொண்டது. 5:10க்குத் தெருவில் இருந்தேன்.

இரண்டு சந்தேகம் பாக்கி. டயரில் எம், எஸ் என்ற எழுத்து மட்டும் இருக்கிறது, அது பனி டயர் இல்லையா? மீதி மணல் மூட்டையை டிரங்கில் வைத்தால் பாரத்துக்குப் பிடிக்குமா?

மான்ட்ரியால்_மெக்கானிக்

அந்த எழுத்து (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) பெரும்பாலான ஆல் சீசன் டயரிலேயே இருக்கும், அதை நம்பாதீர்கள். மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் இருக்கும் சின்னத்தைப் பார்த்து வாங்குங்கள். 7 டிகிரிக்குக் கீழேயே ஆல் சீசன் ரப்பர் இறுக ஆரம்பித்துவிடும். இங்கே கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் சட்டப்படி கட்டாயம். உங்கள் பக்கம் கட்டாயமில்லை, ஆனால் ஒன்டாரியோவில் பனி டயர் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி தர வேண்டும். டயர் மாட்டிய ரசீதோடு கேளுங்கள்.

டிரங்கில் பாரம் ஏற்றுவது பின்சக்கரம் தள்ளும் பிக்கப்புக்குத்தான். உங்கள் காரில் அது முன்பக்கத்தை இன்னும் லேசாக்கும். மூட்டையை முன் பாசஞ்சர் சீட்டின் காலடியில் வையுங்கள், வழியில் எங்கேயாவது நின்றால் எட்டி எடுக்கவும் வசதி.