அத்தையின் பீரோவைத் தொடாமல் வீட்டில் சாமான் குறைக்க வழி உண்டா?

தாம்வே மருமகள்:
ரங்கூன் தாம்வேயில் மூன்றாவது மாடி. வீடு பன்னிரண்டரை அடி அகலம், ரயில் பெட்டி மாதிரி நீளம். பஹானில் உள்ள தம்மஜோதி தியான மையத்தில் பத்து நாள் விபாசனா தியானப் பயிற்சி முடித்து வந்தேன். அங்கே எனக்கென்று இருந்தது கட்டில், கொசுவலை, மாற்றுத்துணி. போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். அப்படியொரு தூக்கம்! இங்கே வந்தால் கால் வைக்க இடமில்லை. அத்தையின் தேக்கு பீரோ, அதன்மேல் டிரங்குப் பெட்டி, அதற்கும் மேல் காலி பிஸ்கட் டின்கள். பிரிக்காத சேலைகள், பித்தளை அண்டா, அரை டஜன் டார்ச் லைட். கண்ணை மூடி உட்கார ஒரு மூலை போதும். எதை எடுத்தாலும் "அது கிடக்கட்டும்மா" என்கிறார்கள். சண்டையில்லாமல் எப்படிக் குறைப்பது?

மோல்மேன் பையன்:
ஒரு வருஷம் தொடாத பொருளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் அக்கா. அவ்வளவுதான்.

பசுண்டான் பெரியவர்:
தம்பி, அந்தக் கணக்கு இந்த ஊருக்குச் சரிவராது. 1985 நவம்பரில் பர்மாப் பணத்தில் 100 கியாட் நோட்டு செல்லாது என்று அரசாங்கத்தில் சொன்னார்கள். பதிலுக்கு 25, 35, 75 என்று புது நோட்டு வந்தது. 1987 செப்டம்பரில் அதையும் செல்லாதாக்கினார்கள், ஒரு காசு மாற்றித் தரவில்லை. என் தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் முழுக்க 75 கியாட் நோட்டாக இருந்தது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் கையில் நாலு காசு சேர்ந்தால் பொன், பித்தளை, சேலை என்று மாற்றிவிடுவோம். நோட்டாக வைக்கவே மாட்டோம். உன் அத்தைக்கும் அந்த வயதுதான் இருக்கும் மகளே, கேட்டுப் பார்.

இன்னொன்று. உனக்கு வந்த தியானம் ஸயாஜி ஊ பா கின் என்ற பர்மியக் குரு வழியாக வந்தது. அவர் துறவி இல்லை, பர்மா அரசின் கணக்குத் துறைத் தலைவர், அக்கவுண்டன்ட் ஜெனரல். அலுவலகத்திலேயே ஓர் அறை ஒதுக்கி ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக் கொடுத்தார். கோப்புக் கட்டுகளுக்கு நடுவில்தான்! துறவிக்கு எட்டுப் பொருள்: மூன்று காவி, பாத்திரம், சவரக் கத்தி, ஊசி, இடுப்புக் கச்சை, நீர் வடிகட்டி. குடும்பக்காரிக்கு அந்தக் கணக்கு எதற்கு?

பஹான் அக்கா:
"தூக்கிப் போடுவோம்" என்ற பேச்சே எடுக்காதே. மழை விட்டாச்சு, தீபாவளி வருது, பீரோவைக் காற்றாட விடலாம் அத்தை என்று சொல். அவர்களே திறப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றும் யார் கொடுத்தது என்று கேள். அண்டாவைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுக்கலாமா என்று அப்புறம் மெதுவாகக் கேள். கோயிலுக்கு என்றால் கை தானாக நீளும். டார்ச்சை விட்டுவிடு. கரண்ட் போகும்போது நீதான் தேடுவாய்.

தாம்வே மருமகள்:
பெரியவர் சொன்னது சரி. டிரங்குப் பெட்டி அடியில் ஒரு கட்டு 75 கியாட் நோட்டு! என்னைத் தொட விடவில்லை. ஆனால் அண்டாவும் அடுக்குச் சட்டியும் கோயிலுக்குப் போகின்றன, அந்த இடத்தில் பாய் விரிக்கலாம். டின்கள் போகாது. இரண்டு பட்டுச் சேலையில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கிறது, என்ன செய்வது?

பஹான் அக்கா:
மாடிக்குக் கொண்டுபோய் மெல்லிய பிரஷால் தட்டு, வீட்டுக்குள் தட்டாதே. நிழலில் காயப்போடு, நேர் வெயிலில் சாயம் வெளுக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி வை. பூச்சி உருண்டை ஜரிகையில் படவே கூடாது, கறுத்துவிடும்.