ஜெர்மனியில் ஹோஸ்ட் குடும்பத்துடன்: இன்னும் மனத்தை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

வானம்பாடி:
ஜெர்மனியில் படிக்கப் போன நான், வெளிநாட்டு மாணவருக்குத் தம் வீட்டிலேயே அறை தரும் ஒரு ஹோஸ்ட் குடும்பத்துடன் தங்கியிருந்தேன்; நேரே அந்த ஜனவரிக்கு வருகிறேன். தினமும் காலையில் நான் குளியலறைக்குப் போன சமயம் பார்த்து வீட்டு அம்மையார் என் அறைக்குள் வந்து சன்னலை அகலத் திறந்துவிடுவார். வெளியே உறைபனி. அவர் படியிறங்கியதும் நான் மூடிவிடுவேன். நான் அங்கிருப்பது பிடிக்காமல்தான் இப்படிச் செய்கிறார் என்று ஆறு வாரங்கள் உள்ளுக்குள் புழுங்கினேன். ஒருநாள் வகுப்பு முடிந்து வந்தபோது என் அலமாரி சுவரைவிட்டு நகர்த்தப்பட்டிருந்தது; அதன் பின்னால் இரண்டு கை அகலத்துக்குக் கரும்பூஞ்சை படர்ந்திருக்க, அவர் முழங்காலிட்டு அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. 'லுஃப்டன்' (காற்றோட்டம் விடுவது) என்று மட்டும் சொல்லிச் சன்னலைக் காட்டினார். மூச்சிலும் ஈரத்துணியிலும் இருந்து வரும் ஈரம் குளிர்ந்த வெளிச்சுவரில் படிந்து பூஞ்சையாகிறது என்பதும், அதற்காகவே குளிர்காலத்திலும் நாளுக்குச் சில முறை ஐந்து, பத்து நிமிடம் சன்னலை முழுதாகத் திறந்துவைக்கிறார்கள் என்பதும் எனக்கு அதன்பிறகே தெரிந்தது. ஈரத்துணியை அறைக்குள் உலர்த்தியவளும் நான்தான்.

கடற்பறவை:
வானம்பாடி எல்லாப் பழியையும் தம்மீதே சுமத்திக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சொல்லாமல் ஒருவருடைய அறைக்குள் நுழைவது எந்த ஊரிலும் முறையாகாது. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தச் சுவரும் கெட்டிருக்காது. என் வீட்டிலும் இதே மௌனம்தான். உதவியாக இருக்குமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலிக் கண்ணாடிப் பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடப் போனேன். மூன்றாவது பாட்டில் உள்ளே விழுந்து நொறுங்கியபோது எதிர்வீட்டு மாடியில் ஒரு சன்னல் திறந்தது. ஞாயிறு முழுவதும் அமைதி காக்க வேண்டிய நாள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்காரர் கோட்டு அணிந்து, எனக்காக மன்னிப்புக் கேட்க எதிர்வீட்டுக்குப் போனதைச் சன்னலருகே நின்று பார்த்தேன்.

மழைக்கால மாணவன்:
என் கதை சிறியது. நான்கு மாதங்களாக 'ஸீ' (நீங்கள்) என்று மரியாதையாகவே நான் அழைத்துவந்த மூதாட்டி, ஓர் இரவு கையை நீட்டித் தம் முதற்பெயரைச் சொன்னார். 'இனி என்னை டூ (நீ) என்றே அழை' என்பதுதான் அதன் பொருள் என்று விளங்காமல், நானும் என் பெயரைச் சொல்லிக் கைகுலுக்கிவிட்டு, மறுநாள் காலை மீண்டும் 'ஸீ' என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்றை இருவரும் சொல்லவில்லை. குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது; 2015 நவம்பர் முதல், நீங்கள் அங்கே குடிவந்ததை உறுதிசெய்து இடம் தருபவர் கையெழுத்திட்ட சான்றும் தேவை. ஹோஸ்ட் குடும்பமே வாடகைக்கு இருந்தாலும், உங்களுக்கு இடம் தருபவர் என்ற முறையில் அவர்களே கையெழுத்திடலாம். பதிவுச் சான்று இல்லையென்றால் வங்கிக் கணக்கு முதல் வதிவிட அனுமதி வரை பலவும் தடைப்படும். ஆகவே பெட்டியைப் பிரிக்கும் முன்பே அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சலவை இயந்திரத்தைத் தொடாதீர்கள். எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்பதையும் வந்த அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வானம்பாடி:
கடற்பறவை சொல்வதில் பாதி சரி: அவர் கதவைத் தட்டியிருக்கலாம், நானும் காரணம் கேட்டிருக்கலாம். மழைக்கால மாணவன் குறிப்பிடும் அந்தத் தாளை நான் கேட்கவே இல்லை. நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே அதில் கையெழுத்திட்டு, முகவரிப் பதிவு அலுவலகம் வரை என்னுடன் வந்து, வரிசையில் நின்றவரும் அதே அம்மையார்தான்.