பின்னல் என்ட்ரோபியிலிருந்து சென்ட்ரல் சார்ஜ் 1 வரவில்லை, உதவி தேவை

ஸ்பின்-1/2 ஹைசன்பெர்க் சங்கிலி, 200 தளங்கள், திறந்த முனைகள். டிஎம்ஆர்ஜி (குவாண்டம் சங்கிலிகளின் அடிநிலையைத் தேடும் எண்முறை) வழியாக அடிநிலையைக் கண்டுபிடித்து, சங்கிலியை இரண்டாகப் பிரிக்கும் ஒவ்வொரு வெட்டிலும் பின்னல் என்ட்ரோபியை (இரு பகுதிகளும் எவ்வளவு பின்னிக்கிடக்கின்றன என்பதன் அளவு) கணக்கிட்டேன். வெட்டின் இடத்தோடு என்ட்ரோபி மடக்கையாக வளர்வதைச் சொல்லும் கலாப்ரேசி–கார்டி சூத்திரத்தில் (திறந்த சங்கிலி என்பதால் மடக்கைக்கு முன்னால் சி/6; சி என்பது சென்ட்ரல் சார்ஜ், மாறுநிலை மாதிரியின் வகையைக் காட்டும் எண்) பொருத்தினால் சி 1-க்கு வர வேண்டும். வரவில்லை.

என்ட்ரோபி பல் பல்லாக ஏறி இறங்குகிறது. ஒற்றைப்படை வெட்டுகளில் அதிகம், இரட்டைப்படையில் குறைவு. நடுப்பகுதிக்குப் போகப்போக வித்தியாசம் குறைந்தாலும் மறைவதில்லை. ஒற்றை வெட்டுகளை மட்டும் பொருத்தினால் சி 1-க்குக் கீழே, இரட்டையை மட்டும் எடுத்தால் மேலே.

பாண்ட் டைமென்ஷனை (டிஎம்ஆர்ஜி ஒரு வெட்டில் வைத்துக்கொள்ளும் நிலைகளின் எண்ணிக்கை) 400-லிருந்து 800 ஆக்கினேன், ஸ்வீப்களையும் (சங்கிலி நெடுகப் போய் நிலையைத் திருத்தும் சுற்றுகள்) கூட்டினேன். ஆற்றல் அசையவில்லை, ஆகவே இது துல்லியக் குறைபாடு இல்லை என்றே நினைக்கிறேன். அதே நிரலில் குறுக்குப்புல ஐசிங் மாதிரியை மாறுநிலைப் புள்ளியில் ஓட்டினால் சி அழகாக 0.5 வருகிறது. வளையமாக மூடியும் பார்த்தேன். அப்புறம் எதுவுமே ஒழுங்காகக் குவியவில்லை, அதை விட்டுவிட்டேன்.

இந்த ஊசலாட்டம் திறந்த முனைகளால் வருவது என்று தெரியும். ஹைசன்பெர்க் புள்ளியில் மடக்கைத் திருத்தங்களும் (சங்கிலி நீள நீள மிக மெதுவாகவே குறைபவை) உண்டு, அதுதான் குழப்புகிறது.

அடுத்தடுத்த வெட்டுகளின் சராசரியை எடுத்துப் பொருத்தினால் போதுமா, இல்லை இரண்டாம் அண்டை வினையை முதல் அண்டை வினையின் 0.2411 மடங்காகச் சேர்த்து, மடக்கைத் திருத்தம் மறையும் புள்ளியில் சி-யைக் கணக்கிடுவதுதான் சரியா?